சுவிட்சைத் தட்டுமுன் ஐந்து நிமிடம்



உங்கள் வீட்டை ஒரு முறை சுற்றிப் பாருங்கள். சமையற்கட்டிலே கீரை கடையும் மத்து, சப்பாத்தி தேய்க்கும் கட்டை; கூடத்திலே நாற்காலியின் கால்; சாமி மேடையின் சின்னத் தூண்கள்; பிள்ளைகள் விளையாடிவிட்டுப் போட்ட பம்பரம். இவை எல்லாம் கடைசல் பிடித்த பொருள்கள். மரத்தைச் சுழலவிட்டு, உளியை வைத்து உருட்சியாகச் செதுக்குவதற்குத்தான் கடைசல் என்று பெயர். மோரைக் கடைவதற்கும் மரத்தைக் கடைவதற்கும் நம் தமிழில் ஒரே சொல். மலாய்க்காரர்கள் இதனை 'லாரிக்' என்பார்கள். நம் பிள்ளைகளுக்கோ அது 'லேத்து'.

இந்த மாதம் லேத்தைப் பற்றி எழுதக் காரணம் ஒரு கடிதம். பாலிக் புலாவ் பக்கத்திலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகன் பழைய மர லேத்து ஒன்றை வாங்கி வந்து வீட்டுப் பின்புறக் கொட்டகையில் வைத்திருக்கிறானாம். வேலை முடிந்து வந்ததும் அதன் முன்னால்தான் நிற்கிறானாம். "வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. பேசாமல் இருக்கவும் பயமாக இருக்கிறது. அவனிடம் நான் என்ன கேட்க வேண்டும்?" என்று முடித்திருக்கிறார்.

அம்மா, வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கைத்தொழில் ஒன்று கைக்கு வருவது நல்லதுதான். ஆனால் அவன் சுவிட்சைத் தட்டுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் என்ன செய்கிறான் என்பதைப் பாருங்கள். லேத்தில் விரலையும் கண்ணையும் காப்பது அந்த ஐந்து நிமிடம்தான். மற்ற பெற்றோர்களுக்கும் பட்டறைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே இதனை எழுதுகிறேன்.

மரத்துக்குப் பஞ்சமில்லை

பாலிக் புலாவ் என்றால் தீவின் மறுபுறம் என்று பொருள். ஜார்ஜ் டவுனுக்கும் அதற்கும் நடுவே மலை நிற்கிறது. ஜாதிக்காய், கிராம்பு, டுரியான், ரம்புத்தான் என்று எங்கு பார்த்தாலும் மரம். புயலில் விழுந்த பலா ஒன்று கிடைத்தால் கடைசல்காரனுக்கு அது யோகம். தமிழ்நாட்டில் மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் கட்டை பலாவில்தானே எடுக்கிறார்கள்!

ஆனால் தோட்டத்து மக்களாகிய நமக்கு நன்றாகத் தெரிந்த மரம் ரப்பர். நட்டு 25, 30 ஆண்டானதும் பால் குறைந்து போகும்; சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். ஒரு காலத்தில் அந்தக் கட்டை அடுப்புக்கும் புகைக்கூடத்துக்கும் செங்கல் சூளைக்கும்தான் போயிற்று. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். அறுத்துச் சும்மா போட்டால் சில நாளில் நீலம் பாய்ந்துவிடும். பிறகு பொடிவண்டு துளைக்கும். அறுத்தவுடன் போரான் மருந்தை ஏற்றி, சூளையில் உலர்த்தினால் கெடாது என்று கண்ட பிறகு, 1980-களில் அதன் மதிப்பே மாறியது. இன்று மலேசியாவிலிருந்து வெளிநாடு போகும் மரத் தளவாடங்களில் பெரும்பகுதி ரப்பர் மரம்தான். நம் பாட்டன் பாட்டி பால் வெட்டிய மரம் அயல்நாட்டு வீடுகளில் மேசைக் காலாக நிற்கிறது. அந்தக் காலைக் கடைவது பெரும்பாலும் லேத்துதான்.

கயிறு இழுத்த காலம்

நெல்லைச் சீமை அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் பலருக்குத் தெரிந்திருக்கும். சின்ன அடுப்பு, சின்ன ஆட்டுக்கல், சின்னக் குடம் என்று மரத்தில் கடைந்து, மரம் சுழலும்போதே அரக்கை அதன்மேல் அழுத்தி வண்ணம் ஏற்றுவார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகிப் படிந்துவிடும். கருநாடகத்துச் சென்னப்பட்டணத்திலும் இதே வேலை உண்டு. அங்கே வெட்பாலை மரத்தில் பொம்மை செய்வார்கள். அந்நாளில் இதற்கெல்லாம் மோட்டார் கிடையாது. ஒருவர் கயிற்றை மாற்றி மாற்றி இழுத்து மரத்தைச் சுழற்றுவார். மற்றவர் உளி பிடிப்பார்.

இதிலே ஒரு பாடம் இருக்கிறது. உளி மாட்டிக்கொண்டால், துணி சிக்கிக்கொண்டால், கயிறு இழுப்பவர் கையை விட்டுவிடுவார். எல்லாம் நின்றுவிடும். மோட்டார் அப்படிச் செய்யுமா? சிக்கியது சட்டையா, சதையா என்று அதற்குத் தெரியாது. ஆகவே, அந்தக் காலத்தில் கயிறு பிடித்தவர் கொடுத்த பாதுகாப்பை இன்று நாம்தான் இயந்திரத்தை ஒழுங்குபடுத்தும்போதே தேடிக்கொள்ள வேண்டும். வேலை ஐந்து பங்காகப் பிரிகிறது. வரிசையாகப் பார்ப்போம்.

ஒன்று: இடம்

லேத்து ஆடக் கூடாது. கனமான மேசையில் ஆணி திருகி இறுக்கி, மேசையைச் சிமெந்துத் தரையில் பதிக்க வேண்டும். பதிக்க முடியாவிட்டால் மேசையின் கீழ்த்தட்டில் மணல் மூட்டைகளை அடுக்குங்கள். மரம் சுழலும் அச்சு, நிற்பவரின் முழங்கை உயரத்தில் இருக்கட்டும். தாழ்வாக இருந்தால் குனிய வேண்டிவரும். குனிந்தால் முகம் மரத்தின் நேருக்கு வந்துவிடும்.

சுவிட்சு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சுழலும் மரத்தைத் தாண்டிக் கையை நீட்டித்தான் நிறுத்த வேண்டும் என்றால் அந்தச் சுவிட்சை இன்றே இடம் மாற்றுங்கள். மூன்று முனைப் பிளக்கு, சரியான எர்த்து, மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் கருவி ஆகிய மூன்றும் வேண்டும். தகரக் கொட்டகையில் மழைக் காலத்து ஈரம் இருக்கும். மெல்லிய இழுவை வயர் கூடாது. வார் ஓடும் சக்கரத்தின்மேல் உறை இருக்க வேண்டும். பழைய இயந்திரங்களில் முதலில் காணாமற்போவது இந்த உறைதான். பலகையோ தகரமோ கொண்டு உறுதியாக ஒன்று செய்து மாட்டுங்கள்.

இரண்டு: இரு முனைகள்

லேத்தின் இடப்புறத்தில் மோட்டார் சுழற்றும் தலை. அதிலே பல் வைத்த முனை, மரத்தைக் கவ்விச் சுழற்றும். வலப்புறத்தில் முன்னும் பின்னும் நகரும் வால்பகுதி. அதிலே கூர்முனை, மரத்தின் மறு நுனியைத் தாங்கும். மரம் எதுவும் மாட்டாமல் வால்பகுதியைத் தள்ளிக்கொண்டுபோய் இரண்டு முனையையும் சேர்த்துப் பாருங்கள். ஊசி முனையும் ஊசி முனையும் சந்திப்பதுபோல் நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். மேலே கீழே விலகினால் வால்பகுதியின் அடியில் மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்யலாம். பக்கவாட்டில் விலகினால் அதன் அடித் திருகைத் தளர்த்தி நகர்த்த வேண்டும். இது விலகியிருந்தால் மரம் சுழலச் சுழல முனையிலிருந்து தளர்ந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் கழன்று பறக்கும். பழைய லேத்து வாங்குவோர் விலை பேசுவதற்கு முன்பே செய்ய வேண்டிய சோதனை இது.

மூன்று: மரம்

கட்டையைக் கையில் எடுத்து நாலா பக்கமும் திருப்பிப் பாருங்கள். வெடிப்பு, தளர்ந்த கணு, உளுத்த இடம் இருந்தால் அது அடுப்புக்குத்தான். ரப்பர் கட்டையில் இன்னொன்றையும் தேட வேண்டும். பால் வழிய அடித்த தகரம், மங்கைத் தாங்கிய கம்பி, ஏதோ ஒரு காலத்தில் அறைந்த ஆணி ஆகியவற்றைச் சில சமயம் மரம் விழுங்கி வளர்ந்திருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. வெட்டுப் பட்டையை ஒட்டிய அடிமரத்தில் இந்தப் பயம் அதிகம். ஒரு காந்தத்தை மெல்ல ஓட்டிப் பார்த்தால் மேலோட்டமாக இருக்கும் இரும்பு காட்டிக்கொடுக்கும். சுற்றி மரம் கறுத்திருந்தாலும் உள்ளே இரும்பு இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

கட்டையின் இரு நுனியிலும் மூலைக்கு மூலை கோடு போட்டால் அவை வெட்டும் இடம் நடுப்புள்ளி. ஒரு நுனியில் அந்தக் கோட்டில் ரம்பத்தால் சிறிது கீறிவிட்டு, பல் முனையைத் தனியே கழற்றி எடுத்து, மரச்சுத்தியால் அதில் அடித்துப் பதியுங்கள். லேத்தில் மாட்டியபடியே கட்டையைச் சுத்தியால் அடிக்கக் கூடாது. தலைக்குள் இருக்கும் பேரிங் கெட்டுவிடும். பிறகு வால்பகுதியை நெருக்கி, முனை மரத்தில் நன்றாகப் பதியும்வரை முறுக்கிப் பூட்டுங்கள். கூர்முனை தானாகச் சுழலாத பழைய வகையானால் ஒரு துளி எண்ணெயோ மெழுகோ இடுங்கள். இல்லாவிட்டால் அந்த இடம் புகையும். சில நிமிடம் ஓடியபின் நிறுத்தி, மறுபடி இறுக்குங்கள்.

நான்கு: உளி தாங்கி

உளியைச் சாய்த்து வைக்கும் இரும்புப் பலகைதான் உளி தாங்கி. கைக்கும் மரத்துக்கும் நடுவே இருக்கும் ஒரே நண்பன் அது. மரத்தின் மிக அகலமான மூலைக்கும் தாங்கிக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் போதும். பென்சிலின் பாதித் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி கூடினால் உளியின் முனை பிடிப்பில்லாமல் தொங்கும். மரம் அதைக் கீழே இழுத்து மடக்கிவிடும். கையும் அதோடு போகும். உயரமோ, உளியின் கூர் மரத்தின் நடுக்கோட்டிலோ அதற்குச் சற்று மேலோ படும்படி இருக்க வேண்டும்.

தாங்கியைப் பூட்டியபின் மரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எங்கேயாவது 'டக்' என்று இடித்தால் மறுபடி நகர்த்துங்கள். மரம் செதுக்கப்பட்டு மெலிய மெலிய இடைவெளி பெருகிக்கொண்டே போகும். அப்பொழுதெல்லாம் இயந்திரத்தை நிறுத்தி, மரம் முற்றாக நின்றபின் தாங்கியைக் கிட்டே கொண்டு வாருங்கள். ஓடும்போது ஒருக்காலும் நகர்த்தாதீர்கள். மணல்தாள் போடும் சமயத்தில் தாங்கியையே கழற்றி எடுத்துவிட வேண்டும். மரத்துக்கும் தாங்கிக்கும் நடுவே விரல் அகப்பட்டால் திரும்பி வராது.

ஐந்து: வேகம்

பிள்ளைகள் அதிகம் தவறுவது இங்கேதான். ஒரு சுலபமான கணக்கு சொல்கிறேன். மரத்தின் குறுக்களவை அங்குலத்தில் எடுங்கள். 6,000-ஐ அதனால் வகுங்கள். வரும் எண்ணே பழகுபவர்களுக்கு ஏற்ற வேகம். 2 அங்குலக் கட்டைக்கு நிமிடத்திற்கு 3,000 சுற்று. 4 அங்குலத்துக்கு 1,500. 6 அங்குலத்துக்கு 1,000. 10 அங்குலக் கிண்ணத்துக்கு 600. இது உருண்டையான மரத்துக்கு. நாலு மூலையுள்ள கட்டை உருளும்வரை இதில் பாதிக்குமேல் போக வேண்டாம்.

மீறினால் என்ன? 10 அங்குலக் கிண்ணத்தை 3,000 சுற்றில் விட்டால் அதன் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 140 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையிலேயே 110-க்கு மேல் போகக் கூடாது! வேகம் இரண்டு மடங்கானால், மரத்தை வெளியே பிய்த்தெறியும் விசை நான்கு மடங்காகும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு அப்போதுதான் பிளக்கும்.

வார் போட்ட லேத்தில் வேகத்தை மாற்றுவது சக்கரம். சாதாரண மோட்டார் நிமிடத்திற்குச் சுமார் 1,440 சுற்று சுழலும். மோட்டாரில் 2 அங்குலச் சக்கரமும் லேத்தில் 4 அங்குலச் சக்கரமும் இருந்தால் மரம் 720 சுற்றுதான் சுழலும். மாற்றிப் போட்டால் 2,880 ஆகிவிடும். முன்பு வேலை செய்தவர் வாரை எந்தப் படியில் விட்டுப்போனார் என்று பாராமல் சுவிட்சைத் தட்டுவது, ஆழம் தெரியாமல் காலை விடுவது போலத்தான். வாரை மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

உடையும் கையுறையும்

வீட்டில் கைலி கட்டியிருப்பது நம் வழக்கம். லேத்தின் முன்னால் கைலி வேண்டாம்; கழுத்தில் துண்டும் வேண்டாம். சிலிப்பரை விட்டுச் சப்பாத்துப் போடுங்கள். சட்டைக் கை குட்டையாக இருக்கட்டும். கழுத்துச் சங்கிலி, மோதிரம், கைக்கடிகாரம் எல்லாம் கழற்றி வையுங்கள். கோயிலில் கட்டிய கயிறு மணிக்கட்டில் இருக்கிறதா? அதையும் அவிழ்த்துச் சாமி மேடையில் வைத்துவிட்டு வேலைக்கு வரட்டும். பிள்ளையின் கையைக் காப்பாற்றத்தானே கட்டியது! பெண் பிள்ளைகள் கற்றுக்கொண்டால் பின்னலைக் கொண்டையாக முடிந்து மறைக்க வேண்டும்.

கையுறை மட்டும் போடவே கூடாது. இதைக் கேட்டால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். என்னிடம் படித்த பையன் ஒருவன் தளவாடப் பட்டறை ஒன்றில் சேர்ந்த புதிதில், பாதுகாப்புக்கு என்று சொல்லிக் கையுறை கொடுத்திருக்கிறார்கள். மணல்தாள் போடும்போது கையுறையின் நுனி சுற்றிக்கொண்டது. துணி கிழியவில்லை, விரல்தான் போயிற்று. வெறுங்கையாக இருந்திருந்தால் தோல் சிராய்ப்போடு தப்பியிருப்பான். துணியால் மெருகு போடுவதும் இதே ஆபத்துதான். மெல்லிய காகிதத்தால் துடையுங்கள், சிக்கினால் கிழிந்துவிடும்.

கண்ணுக்கு வெறும் கண்ணாடி போதாது. முகம் முழுதும் மறைக்கும் தெளிந்த மறைப்பு கடைகளில் கிடைக்கிறது. தூசிக்கு முகமூடி வேண்டும். மரத்தூளும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்திவிட்டது.

உளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய அரத்தைத் தீட்டி உளியாக்கும் பழக்கம் பல கொட்டகைகளில் உண்டு. அரம் மிகக் கெட்டியான இரும்பு. வளையாது, படாரென்று ஒடியும். கடைசலுக்கென்று செய்த உளியையே வாங்குங்கள். ஓடும் மரத்தை நெருங்கும்போது உளி முதலில் தாங்கியைத் தொட வேண்டும். அதன் பிறகே மரத்தைத் தொட வேண்டும். இந்த வரிசை மாறினால் உளி கையைவிட்டுப் பறக்கும்.

பெற்றோர்களுக்கு

பிள்ளை பட்டறை வேலைக்குப் போகிறான் என்றால் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். முதல் மாதம் யார் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பார்? இயந்திரத்துக்கு உறை உண்டா? அவசரமாக நிறுத்தும் பொத்தான் கைக்கு எட்டுமா? பெர்கேசோவுக்குச் சந்தா கட்டுகிறார்களா? இவற்றையும் கேளுங்கள்.

கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. தொழிலாளரின் பாதுகாப்புக்கு முதலாளி பொறுப்பு என்று 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. 2024 ஜூன் முதல் தேதியிலிருந்து அது அநேகமாக எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்துவிட்டது; சின்னப் பட்டறை என்று தட்டிக்கழிக்க முடியாது. 18 வயது நிறையாத பிள்ளைகளை ஆபத்தான வேலையில் அமர்த்துவதையும் சட்டம் தடுக்கிறது. வேலையில் அடிபட்டால் மருத்துவச் செலவும் ஊன இழப்பீடும் தருவதற்கே 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பெர்கேசோ இருக்கிறது. சொந்தமாகத் தொழில் செய்வோருக்கும் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தனித் திட்டம் உண்டு, அலுவலகத்தில் விசாரியுங்கள். முறையாகத் தொழில் கற்க விரும்பினால் பினாங்கு மாநிலத்திலேயே, நிபோங் திபாலில், ஆறுமுகம் பிள்ளை பெயரைத் தாங்கிய அரசாங்கத் தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது. என்னென்ன பயிற்சி நடக்கிறது என்று நேரில் போய்க் கேளுங்கள்.

வீட்டில் லேத்து ஓடும்போது அவனைத் தனியே விடாதீர்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒருவர் இருக்கட்டும். வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி, சின்னப் பிள்ளைகள் போகாதபடி கொட்டகையைப் பூட்டுங்கள். கண்ணில் மரச்சில் குத்தினால் தேய்க்க வேண்டாம். நேரே மருத்துவமனைக்குப் போங்கள். பாலிக் புலாவிலேயே அரசாங்க மருத்துவமனை உண்டு.

இனி அந்த ஐந்து நிமிடம். கீழே உள்ளதை ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி லேத்துக்கு நேர் எதிரே மாட்டுங்கள்.

மரத்தில் வெடிப்பும் ஆணியும் இல்லையா?
இரு முனையும் இறுகியதா?
தாங்கி பூட்டியதா? இடைவெளி சரியா?
கையால் ஒரு சுற்று சுற்றியாயிற்றா?
வார் எந்தப் படியில்?
சாவியும் ஸ்பானரும் மேசையை விட்டு எடுத்தாயிற்றா?
கயிறு, சங்கிலி, கையுறை இல்லையே?
முக மறைப்புப் போட்டாயிற்றா?
மரத்தின் நேருக்கு நிற்காமல் ஒதுங்கி நிற்கிறேனா?

ஒன்பதுக்கும் பதில் சொன்ன பிறகே சுவிட்சு. பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சொன்னது லேத்துக்கென்றே சொன்னதுபோல் இருக்கிறது. கடிதம் எழுதிய அம்மாவுக்கு ஒரு யோசனை: இந்த ஒன்பது கேள்வியையும் நீங்களே வாசியுங்கள், மகன் பதில் சொல்லட்டும். ஒரு மாதத்தில் அவனுக்கு மனப்பாடம் ஆகிவிடும். நீங்களும் கொட்டகைப் பக்கம் பயமில்லாமல் போய்வரலாம்.

அடுத்த இதழில் உளி தீட்டுவதைப் பார்ப்போம். மழுங்கிய உளி, கூரான உளியைவிட ஆபத்தானது. ஏன் என்று அதற்குள் யோசித்து வையுங்கள்.